ஈர்க்குப் பூச்செண்டு

யசிந்தா உட்கார்ந்து சாப்பிட்டதைக் கண்டவர்கள் குருநகரில் அதிகம் பேர் இல்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு குசினி வாசலில் நிற்பாள். இரண்டு வாய் சோறு உள்ளே போவதற்குள் கண் வேலிக்கு மேலால் போய், எவர் வளவில் என்ன பூத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடும். பூசை நேரத்தில்கூட அவள் நிற்பது கடைசிக் கதவடியில்தான். "காலிலை சில்லுப் பூட்டிப் பிறந்ததொண்டு" என்று அவளுடைய மாமியார் மரியநாயகி சொல்வாள். மாமியார் சொன்னதில் பிழையில்லை.

அவளைப் பூக்காரி என்று கூப்பிட்டால் மூக்குச் சிவந்துவிடும். "நான் பூ விக்கிறேல்லை. பூத் தெரிஞ்செடுக்கிறனான்" என்பாள். கோயிலுக்குப் பீடச் சோடனை அவள் கை. கல்யாணப் பொம்பிளைக்குப் பூச்செண்டும் அவள் கை. பூச்செண்டு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டிய பொருள். ஆனால் எந்த மாப்பிள்ளை வீடானாலும் கடைசியில் வந்து நிற்பது யசிந்தாவின் படலையடியில்தான். வந்தவர்களை இருக்கச் சொல்லவும் மாட்டாள். நின்றபடியே என்ன நிறச் சேலை, பொம்பிளை உயரமா கட்டையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிடுவாள்.

வெய்யில் காலத்தில் பூத் தெரிவதற்கு யசிந்தா தேவையில்லை, கண்ணிருந்தால் போதும். மாரியில்தான் அவளுடைய அருமை தெரியும். திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. கிறிஸ்து பிறப்பான நத்தார் முடிந்த கையோடு, அதுவரை அடக்கி வைத்திருந்த கல்யாணமெல்லாம் வரிசையாய் வந்து நிற்கும். அதே நாட்களில்தான் மழையும் ஊரில் இருக்கிற பூவையெல்லாம் அடித்து நொறுக்கும். பொம்பிளைகளுக்கும் பாலன் பிறப்புக் குடிலுக்கும் பீடத்துக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சப் பூவைப் பங்கிடுகிற பொல்லாத வேலை அவள் தலையில் விழும்.

அவள் பூத் தெரிவதைப் பார்த்தால் சண்டை பிடிக்கிறாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். காம்பைப் பிடித்துத் தலைகீழாக ஒரு உதறு உதறுவாள். வயிற்றுக்குள் தண்ணீர் பிடித்த பூ மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும்; அது உடனே வேலியோரம் போய் விழும். பிறகு பூவைத் திருப்பிப் பின்னிதழைப் பார்ப்பாள். முகத்தைப் பார்த்துப் பூ எடுக்கிறவர்களை அவள் மனிதர்களாக மதிப்பதில்லை. முழுக்க விரிந்தது பீடத்துக்கு, ஏனென்றால் அதைத் தூர நின்று பார்ப்பார்கள். பாதி விரிந்தது பொம்பிளைக்கு. நத்தாருக்குப் பூக் குறைந்தால் சிவந்த குரோட்டன் இலையும் சவுக்குக் கொப்பும் வைத்து ஒப்பேற்றிவிடுவாள். பொம்பிளையின் கையில் மட்டும் ஒப்பேற்றல் கிடையாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தாள். பொம்பிளையின் கையில் போகிற பூ தன்னுடைய காம்பில் நிற்க வேண்டும். ஈர்க்கில் நிற்கக் கூடாது.

ஈர்க்கு செத்த வீட்டுக்கு உரியது. தென்னோலையிலிருந்து ஈர்க்கை வார்ந்து, பூவின் பின்னால் குத்தி, வாழைத்தண்டில் நட்டு மலர்வளையம் செய்வார்கள். போர் நடந்த அந்த வருசங்களில் குருநகரில் மலர்வளையத்துக்குக் குறைவில்லை. அதையும் யசிந்தாதான் செய்தாள். ஈர்க்குக் குத்திய அன்றைக்குக் கல்யாண வேலை எதையும் தொடமாட்டாள். ஒருமுறை வசதியான மாப்பிள்ளை வீடொன்று, காம்பு கட்டையான பூவை ஈர்க்கில் ஏற்றிப் பெரிய செண்டாகக் கட்டச் சொன்னது. யசிந்தா பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். "அப்ப வேறை ஆளைப் பாருங்கோ. நான் சாவீட்டுப் பூவைப் பொம்பிளைக்குக் குடுக்கிறேல்லை." அந்த வீட்டில் இன்றைக்கும் அவளுக்குப் பேர் திமிர் பிடித்தவள்.

திமிர் இல்லை, பயம். அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய கல்யாணம் எண்பத்தைந்தாம் ஆண்டு தையில் நடந்தது. மாப்பிள்ளை சிமியோன், மரியநாயகியின் மூத்த மகன், கடற்றொழில். அப்போது தண்டவாளத்தில் கோச்சி ஓடிக்கொண்டிருந்தது. மலைநாட்டிலிருந்து வெள்ளைப் பூ வருவித்துப் பூச்செண்டு கொண்டுவந்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. மெதுவாகச் செண்டைச் சரித்து அடியைப் பார்த்தாள். ஒவ்வொரு பூவின் கீழும் ஈர்க்கு. பூசை வைக்கிற சுவாமி கேட்கிறார், சிமியோன் மறுமொழி சொல்கிறான், அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மலர்வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாலி கட்டிக்கொள்ள நிற்கிறேன் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

அன்று பின்னேரம் அழுதுகொண்டே கேட்டாள்.

"ஆர் கட்டினது உந்தப் பூச்செண்டு? எந்த மூதேவியின்ரை வேலை?"

சிமியோன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "விடு யசிந்தா. பூ நிண்டது தானே" என்றான்.

அவள் விடவில்லை. அந்தக் கிழமை முழுக்கக் கேட்டாள். கேட்கிற நேரமெல்லாம் அவனுக்குக் கிழிந்த வலை பொத்துகிற வேலை வந்துவிடும்; எழும்பிப் போய்விடுவான்.

இரண்டு வருசம் கழித்து ஒரு மாசி விடியலில் கடலுக்குப் போன சிமியோனின் வள்ளம் திரும்பவில்லை. நேவி என்றார்கள். காற்று என்றார்கள். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஊர் ஆயிரம் காரணம் சொன்னது. யசிந்தாவுக்கு ஒரே காரணம்தான். பூவில் பிழை இருந்தது, அதைக் கையில் ஏந்தியவள் அவள், போனது அவன். அன்றிலிருந்துதான் கால் ஓரிடத்தில் நிற்காமல் போனது. ஊரிலுள்ள பொம்பிளைகள் எல்லாருடைய கையையும் அவள் காவல் காத்தாள்.

கார்த்திகையில் இறந்தோர் தினம் வரும். சேமக்காலையில் எல்லாருடைய கல்லறைக்கும் யசிந்தாவின் மலர்வளையம் இருக்கும். சிமியோனுக்கு மட்டும் செய்யமாட்டாள். கல்லறை இல்லாத மற்றவர்களுக்காகச் சேமக்காலைப் பெரிய சிலுவையடியில் பூ வைப்பார்கள். மரியநாயகி வெறுங்கையோடு அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வருவாள். மாமியும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே, இந்த ஒரு கதையை மட்டும் கதைக்காமல், வருசங்களை ஓட்டினார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு நத்தாருக்குப் பிறகு சிமியோனின் ஒரே தங்கை செசிலியாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கனிசியஸ், பக்கத்து ஒழுங்கை, சைக்கிள் கடை வைத்திருக்கிற அமைதியான பிள்ளை. "பூச்செண்டு மச்சாள் கட்டினால்தான் நான் கோயிலுக்கு வருவன்" என்று செசிலியா முதலே சொல்லிவிட்டாள். யசிந்தாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து நித்திரை இல்லை. அவனுடைய தங்கை. இதில் ஒரு பிழை வந்தால் அவள் எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பாள்?

கோச்சி நின்று இரண்டு வருசமாகிவிட்டது. மலைநாட்டுப் பூ இனிக் கனவு. மிஞ்சியது கோண்டாவில் மார்க்கண்டு ஒருவர்தான். செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் போடுகிற கமக்காரர். கிணற்றடி ஓரமாகப் பிள்ளையார் கோயிலுக்கென்று செவ்வந்தியும் வைத்திருந்தார். அதில் ஒரு வரிசை வெள்ளையை யசிந்தாவுக்காக விடுவார். அவள் சைக்கிளில் போய் இறங்குவாள், கத்தியை எடுப்பாள், சரக்குச் சரக்கென்று தானே வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு, தந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். இத்தனை வருசமும் நடந்தது அப்படித்தான்.

அந்த நத்தாருக்குப் பீடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. "வெள்ளைப் பூ ஒண்டும் கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்று சுவாமி கேட்டார். கிடைத்திருந்தது. மார்க்கண்டர் வீட்டில் வெள்ளை வரிசை அப்படியே நின்றது. பாலன் யேசுவுக்குக்கூடக் கொடுக்காமல் செசிலியாவுக்காக வைத்திருந்தாள். சுவாமியிடம் மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பூ வெட்டப் போவதென்று சைக்கிளை எடுத்தாள். அந்நேரம் பார்த்துப் பொம்மர் வந்தது. கோண்டாவில் பக்கமாகச் சுற்றிச் சுற்றி இரைந்தது. ஊரே பங்கருக்குள் போனது. அது போன பிறகும் மரியநாயகி சைக்கிள் கரியரைப் பிடித்த பிடி விடவில்லை.

"ஒண்டைக் குடுத்தது காணும். நீ போகேலாது."

யசிந்தா முற்றத்தில் மேலும் கீழும் நடந்தாள். கடைசியில் கோண்டாவில் பக்கம் வீடு போகிற பாண்காரரைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள். "வெள்ளைப் பூ முழுக்கக் கலியாணத்துக்கு வேணும், விடியக் காலமை கொண்டுவந்து தரச்சொல்லி மார்க்கண்டண்ணையிட்டைச் சொல்லுங்கோ." அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? எப்படி வெட்ட வேண்டும் என்பதை அவள் ஒருநாளும் எவருக்கும் சொன்னதில்லை, அவள்தானே வெட்டுகிறவள்.

விடிந்ததும் மார்க்கண்டர் வந்து சேர்ந்தார். மழைத் தூறலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, குளித்து நெற்றி நிறைய நீறு பூசி, தோய்த்த வேட்டி கட்டி வந்திருந்தார். சைக்கிளின் பின்னால் வாழையிலை போட்டு மூடிய கடகம். ஷெல்லுக்கும் பயப்படாமல் அவ்வளவு தூரம் வந்தவரின் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

யசிந்தா இலையைத் தூக்கினாள். கடகம் நிறைய வெள்ளை. ஒரு புள்ளி அழுக்கில்லை, ஒரு இதழ் கசங்கவில்லை. கையை விட்டு அளைந்தாள். இன்னும் ஆழமாக விட்டு அளைந்தாள்.

"அண்ணை, காம்பு எங்கை?"

"காம்போ?"

"கிள்ளிப்போட்டியளே! எல்லாத்தையும் கிள்ளிப்போட்டியளே!"

மார்க்கண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கோயிலுக்குப் போற பூவெல்லே பிள்ளை? காம்போடை ஆரும் சாமிக்குக் குடுப்பினமே? விடிய முழுகிப்போட்டு, வாய் கட்டி, ஒவ்வொண்டாக் கிள்ளினனான்."

"நான் காம்போடை வெட்டிறதை நீங்கள் காணேல்லையே?"

"கண்டனான். நீ அவசரக்காரி. நிண்டு கிள்ளப் பொறுமையில்லாமல் வெட்டிக்கொண்டு ஓடுறாய் எண்டு நினைச்சன். பொம்பிளைப் பிள்ளையின்ரை நல்ல காரியம், நான் எண்டாலும் முறையாச் செய்து குடுப்பமெண்டு..."

அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. யசிந்தா சைக்கிளில் ஏறிவிட்டாள். பின்னால் மரியநாயகி கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் கன்னியர் மடத்துக்குப் போனாள். இருந்ததெல்லாம் குடிலுக்குப் போய்விட்டது என்றார் சிஸ்டர். சுண்டிக்குளிப் பக்கம் ஒரு பெரிய வளவில் வெள்ளை ரோசா நிற்பது அவளுக்குத் தெரியும். வளவுக்காரர் ஊரைவிட்டுப் போய்ப் படலை பூட்டிக்கிடந்தது; மதிலேறிக் குதித்தாள். கை வைத்ததும் ரோசா ஈரக் கடுதாசி போல் உதிர்ந்தது. இன்னும் எத்தனையோ வேலிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சேறு அடித்த செவ்வரத்தையும் தலை தொங்கிய காசித்தும்பையும்தான் கண்ணில் பட்டன. கோயில் மணி முதல் தரம் அடித்தது. வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

வீட்டில் செசிலியா சேலை கட்டி, முக்காட்டுத் துணி இன்னும் போடாமல் கதிரையில் இருந்தாள். மார்க்கண்டர் போகாமல் முற்றத்து வேம்பின் கீழ் குற்றவாளி போல நின்றார். மரியநாயகி நிலத்தில் சம்மணம் கட்டியிருந்தாள். பக்கத்தில் அப்போதுதான் வெட்டிய தென்னோலை, கையில் கத்தி. ஈர்க்கு வார்ந்துகொண்டிருந்தாள்.

"மாமி! உதென்ன செய்யிறியள்?"

"வேறை என்ன செய்யிறது? காம்பில்லாட்டில் காம்பு வைக்கத்தானே வேணும்."

யசிந்தா பாய்ந்து ஈர்க்கைப் பிடுங்கினாள். "வேண்டாம். வெறுங்கையோடை போகட்டும். செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு போகட்டும். ஈர்க்கு வேண்டாம்!"

"உன்ரை சட்டத்தை இண்டைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி வையன் பிள்ளை."

"சட்டமே? என்ரை கையிலை ஈர்க்குப் பூவைத் தந்துதானே மாமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனியள்? பிறகு என்ன நடந்தது? உங்கடை மகனைக் கொண்டுபோனது காணாதே? இவளின்ரை வாழ்க்கையும் போகோணுமே?"

சொல்லிவிட்டாள். இத்தனை வருசம் தொண்டைக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. செசிலியா வாயைப் பொத்திக்கொண்டாள். மரியநாயகி கத்தியை மெதுவாக நிலத்தில் வைத்தாள்.

"இதையே நீ இவ்வளவு காலமும் உள்ளுக்கை வைச்சிருந்தனி?" என்று கேட்டாள். "நான் உதைத் தொழில் வீம்பெண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தன்."

யசிந்தா பிடுங்கிய ஈர்க்கோடு நின்றாள்.

"இரு. முதல் இதிலை இரு. அந்தச் செண்டைக் கட்டினது ஆரெண்டு கேட்டுக்கேட்டு அழுதாயெல்லே? அவன்தான்."

"ஆர்?"

"சிமியோன்தான். கோச்சியிலை வந்த பெட்டியை உடைச்சால் எல்லாப் பூவும் கழுத்து முறிஞ்சு கிடக்குது. நான் தலையிலை கை வைச்சுக்கொண்டு நிண்டன். மாப்பிள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு அவன்தான் நிலத்திலை இருந்து ஒவ்வொரு ஈர்க்காச் சீவினவன். முனை உன்ரை கையிலை குத்தக்கூடாதெண்டு, ஒவ்வொண்டையும் தன்ரை உள்ளங்கையிலை வைச்சு அமத்திப் பாத்துப் பாத்துத்தான் வைச்சவன். கையிலை ரத்தப் பொட்டு. உன்ரை கையைப் பிடிக்கேக்கை நீ காணேல்லையே?"

யசிந்தா காணவில்லை. அவள் அப்போது ஈர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டு தப்பிப்போச்சுது போலை. நீ அழுதாப் போலை அவனுக்கு முகம் செத்துப்போச்சு. 'சொல்லிப்போடாதையணை, ஒருநாளைக்கு நானே சொல்லிச் சிரிக்கிறன்' எண்டான். பிறகு, அந்த ஒருநாள் எங்கை வந்தது? எனக்கும் அவன்ரை பேரெடுக்க வாய் வரேல்லை."

யசிந்தாவுக்கு அந்தச் செண்டின் பிடி ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று பின்னேரம் ஈர்க்குகளை உருவி எறிய நினைத்து றிபனைக் கழற்றினாள். உள்ளே நூல் கட்டு. நகம் உடையும்வரை பிய்த்துப் பார்த்தும் முடிச்சு அவிழவில்லை. வலை நூல். வலை முடிச்சு. தினமும் அவன் கை போடுகிற முடிச்சு கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. பூவைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிற கெட்டிக்காரி, அதைப் பார்க்கவில்லை. கேட்டுக்கேட்டு அவனை முற்றத்துக்குத் துரத்தியதுதான் மிச்சம். குரல் எடுத்து அழுதாள். மாசி விடியலுக்குப் பிறகு மரியநாயகி அவளை அப்படி அழக் கண்டதில்லை. அழட்டும் என்று விட்டாள்.

கோயில் மணி இரண்டாம் தரம் அடித்தது.

யசிந்தா மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மாமியாருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"கத்தியைத் தாங்கோ மாமி. நீங்கள் வார்ந்தது தடிப்பு."

பிறகு அவள் எழும்பவில்லை. மார்க்கண்டர் கிள்ளிவந்த பூவிலேயே பாதி விரிந்ததாகத் தெரிந்தெடுத்தாள். ஈர்க்கைச் சீவினாள், முனையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள், குத்தினால் மறுபடி சீவினாள். கடைசியில் வீட்டு மூலையில் கிடந்த வலை நூலை எடுத்துக் கட்டினாள். முடிச்சுப் போட மட்டும் தெரியவில்லை. மரியநாயகி போட்டுக் கொடுத்தாள். செண்டைக் கண்ட மார்க்கண்டர், "இதுக்குத்தானே காம்பு கேட்டனி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைப் பேசாமல் கோயிலுக்கு வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

சோடனை முடிந்தால் கதவடியில் நிற்கிற யசிந்தா அன்று முன்வாங்கில் இருந்தாள். பூசை முடியும்வரை எழும்பிப் போகவில்லை. கல்யாணம் முடிந்து வெளியே வந்த செசிலியாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"கையிலை குத்தினதே?"

"இல்லை மச்சாள்."

அடுத்த கார்த்திகையில் இறந்தோர் தினத்துக்கு முதல்நாள், மற்றவர்களுடைய மலர்வளையம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு யசிந்தா இன்னொரு வாழைத்தண்டை எடுத்தாள். மரியநாயகி கேட்கவில்லை, பக்கத்தில் வந்து இருந்து பூ எடுத்துக் கொடுத்தாள். சேமக்காலைப் பெரிய சிலுவையடிக்குப் போகிற வளையம் அது. யசிந்தா ஒவ்வொரு ஈர்க்காகச் சீவி, முனையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துப் பார்த்து நட்டாள்.

மரியநாயகி இன்னொரு பூவை நீட்டினாள். "வாழைத்தண்டுக்கு நோகாது பிள்ளை" என்றாள்.

"ஓம் மாமி, தெரியும்" என்று சொல்லிவிட்டு, யசிந்தா அடுத்த ஈர்க்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.